நான்காம் ஆண்டுக்கான முன்பணம்: புதிய காருக்குக் கூடுதல் வாரண்டி தேவையா?

புதிய கார் வாங்குவோரிடம் விற்பனையகம் தரும் ‘ஆன்-ரோடு’ விலைப்பட்டியலில், அதாவது வண்டியின் விலையோடு ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றையும் கூட்டி வண்டி தெருவுக்கு வரும்வரை ஆகும் மொத்தச் செலவைக் காட்டும் தாளில், பெரும்பாலும் அடியில் இடம்பெறும் வரி ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்பதாகும். லட்சக்கணக்கில் பணம் புரளும் அந்த நேரத்தில் பத்தாயிரமோ இருபதாயிரமோ பெரிதாகத் தெரிவதில்லையாதலால் பலர் அதை அப்படியே ஏற்றுக்கொள்கின்றனர்; வேறு சிலர் அது விற்பனையாளரின் தந்திரம் என்று எண்ணி, என்ன ஏதென்று கேளாமலே நீக்கிவிடச் சொல்கின்றனர். இரு சாராரும் வண்டியைப் பார்த்து முடிவெடுக்கின்றனரே அன்றி, அந்த வண்டி எப்படி ஓடப்போகிறது என்பதையும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்ப்பதில்லை. ஸ்ரீரங்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ‘டிஎன் 48’ என்ற எண் வரிசையில் ஒரே நாளில் பதிவாகும் ஒரே மாதிரியான இரு கார்களில், ஒன்றுக்கு அது தக்க பாதுகாப்பாகவும் மற்றொன்றுக்கு வீண் செலவாகவும் அமையக்கூடும்.

‘வாரண்டி’ என்னும் சொல் அன்றாடப் பேச்சில் ‘கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்ற விரிந்த பொருளில் வழங்கினாலும், சட்டத்தில் அதன் பொருள் குறுகியது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் விற்பனை ஒப்பந்தத்தின் வாசகங்களை இரு வகையாகப் பிரிக்கிறது: ஒப்பந்தத்தின் அடிப்படையாக அமைந்த நிபந்தனை மீறப்பட்டால் வாங்கியவர் பொருளையே ஏற்க மறுக்கலாம், அதற்குத் துணையாக நிற்கும் உறுதிமொழியாகிய வாரண்டி மீறப்பட்டாலோ இழப்பீடு கேட்கலாமே தவிர, பொருளைத் திருப்பித்தர இயலாது. மாருதி உத்யோக் நிறுவனத்துக்கும் கிளட்சில் குறை கண்ட ஒரு வாடிக்கையாளருக்கும் இடையே நடந்த வழக்கில், வாரண்டி வாசகம் குறையுள்ள பாகத்தை மாற்றித்தருவதையே குறிக்கிறது, காரையே மாற்றித்தருவதைக் குறிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2006 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆகவே கூடுதல் வாரண்டிக்குப் பணம் கட்டுபவர் வாங்குவது, குறிப்பிட்ட சில பாகங்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் தாமாகப் பழுதானால் அவற்றைச் செலவின்றிச் சரிசெய்துகொள்ளும் உரிமையை மட்டுமேயாகும்.

வண்டியோடு இலவசமாக வரும் அடிப்படை வாரண்டி இன்று முன்னைவிட நீண்டிருக்கிறது. இரண்டாண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்றிருந்த தன் வாரண்டியை மாருதி சுசுகி 2024 ஜூலையில் மூன்றாண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று உயர்த்தியது. கூடுதல் பணம் கட்டுவோருக்கு அதை ஆறாண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை நீட்டித்துக்கொள்ளவும் வழி செய்தது. டொயோட்டாவின் அடிப்படை வாரண்டியும் மூன்றாண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர்தான். ஹோண்டா போன்ற சில நிறுவனங்கள் கிலோமீட்டர் வரம்பே வைக்காமல் மூன்றாண்டு தருகின்றன. இவ்வாசகங்களில் கண்ணுக்கு எளிதில் படாத, ஆனால் கணக்கையே மாற்றிவிடும் சொற்றொடர் ‘எது முன்னர் வருகிறதோ அதுவரை’ என்பதாகும்.

ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதியில் குடியிருந்து தில்லை நகருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொண்டால், சமயபுரம், தஞ்சாவூர் என்று விடுமுறைப் பயணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் ஆகும். மூன்றாண்டு முடியும்போது அவருடைய ஓடோமீட்டர் 18,000ஐக் காட்டும். தனக்குரிய ஒரு லட்சம் கிலோமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அவர் பயன்படுத்தியிருக்க மாட்டார், ஆனால் வாரண்டி முடிந்திருக்கும். இதற்கு நேர்மாறாக, வாரம் ஒருமுறை சென்னை விமான நிலையத்துக்குச் சவாரி ஏற்றிச் சென்று திரும்பும், மற்ற நாட்களில் உள்ளூரிலும் ஓடும் வாடகைக் கார் ஆண்டுக்கு 50,000 கிலோமீட்டரை எளிதில் தொட்டுவிடும். அதன் மூன்றாண்டு வாரண்டி இரண்டே ஆண்டில் தீரும். ஆறாண்டுக்கு நீட்டிப்பதாகச் சொல்லப்படும் திட்டத்தை அதன் உரிமையாளர் வாங்கினாலும், எஞ்சியிருப்பது 60,000 கிலோமீட்டர்தான் என்பதால், அவருக்குக் கிடைப்பது மூன்றாண்டு அன்று, ஓர் ஆண்டும் ஏறத்தாழ இரண்டு மாதமுமே ஆகும். தவிரவும், வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்குப் பல திட்டங்களில் வரம்பு வேறாகவோ தகுதியே இல்லாமலோ இருப்பதுண்டு; மஞ்சள் பலகை மாட்டப்போகிறவர் இதை எழுத்தில் உறுதிசெய்துகொள்வது இன்றியமையாதது.

ஓடிய தூரம் குறைவென்பதால் தேய்மானமும் குறைவு என்று கொள்வதற்கில்லை. திருச்சியில் சிந்தாமணிக்கும் மாம்பழச் சாலைக்கும் இடையே 1976 முதல் பயன்பாட்டில் உள்ள காவிரிப் பாலம், 2022 செப்டம்பர் முதல் 2023 மார்ச் வரை பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்த மாதங்களில், நகர மக்கள் சுற்றுவழியில் எவ்வளவு நேரம் காத்துக்கிடந்தனர் என்பது யாவரும் அறிந்தது. நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து, அரைக் கிளட்சில் நின்று, சித்திரை வெயிலில் ஏசியை நிறுத்தாமல் ஓடும் எஞ்சினின் உழைப்பை ஓடோமீட்டர் காட்டுவதில்லை. அதே சமயம், அவ்வாறு தேயும் கிளட்ச் தட்டை வாரண்டியும் ஏற்பதில்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்-6 விதிகளின்படி வரும் டீசல் கார்களில், புகையில் உள்ள கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போதுதான் அது போதிய சூடேறி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைத் தூய்மை செய்துகொள்கிறது. ஸ்ரீரங்கத்தின் நான்கு வீதிகளுக்குள்ளும் கடைத்தெருவுக்கும் மட்டுமே ஓடும் டீசல் காரில் அது அடைத்துக்கொள்ளும். ஓட்டும் முறையால் வந்த அடைப்பு என்று கூறி அதை வாரண்டியிலிருந்து விலக்கவும் வாய்ப்புண்டு. இத்தகைய பயன்பாட்டுக்கு டீசல் காரையே தவிர்ப்பது எந்த வாரண்டியையும்விட நல்ல பாதுகாப்பு.

எது வாரண்டிக்குள் வரும், எது வராது என்பதே பெரும்பாலான சச்சரவுகளின் வேர். பிரேக் பேடு, வைப்பர், ஃபில்டர் முதலிய தேய்மானப் பொருட்கள் விலக்கப்படுகின்றன. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களின் தனி வாரண்டி உண்டு. வெளியிலிருந்து வந்த கேடு எதுவாயினும் அது வாரண்டியில் சேராது. தனியாகக் கார் நிறுத்தும் கொட்டகை இல்லாத பழைய வீடுகளின் வாசலில், ஒரு வாரம் எடுக்காமல் நிற்கும் காரின் பானட்டைத் திறந்தால், எலி கடித்துப் பிய்த்த வயர்களின் செம்புக் கம்பி பளபளப்பதைக் காணலாம். வயரிங் தொகுதியையே மாற்ற நேர்ந்தாலும் அச்செலவு உரிமையாளருடையதே. வெள்ளமும் அப்படித்தான். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் கரைபுரண்டு திருச்சி நகருக்குள் புகுந்ததைப் போன்ற ஒரு நாளில், தண்ணீரில் நின்ற காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், அதற்கு வாரண்டியும் பயன்படாது, சாதாரண விரிவுக் காப்பீடும் பெரும்பாலும் கைகொடுக்காது. ‘எஞ்சின் புரொடெக்ட்’ எனப்படும் துணைக் காப்பீடுதான் உதவும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக அமைந்த ஊரில், இருக்கும் பணத்தில் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால், தாழ்வான பகுதியில் வண்டி நிறுத்துபவர் முதலில் கேட்க வேண்டியது அந்தத் துணைக் காப்பீட்டைத்தான்.

இவையெல்லாம் போக எஞ்சுவன எஞ்சின், கியர்பாக்ஸ், ஏசி கம்ப்ரஸர், ஸ்டியரிங் மோட்டார், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், தொடுதிரை போன்றவை. கூடுதல் வாரண்டியின் மதிப்பு முழுவதும் இங்கேதான் இருக்கிறது. கையால் கியர் மாற்றும், டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் காரில் திடீரென்று பெருஞ்செலவு வைக்கும் பாகங்கள் குறைவு. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் உதிரிப்பாகமும் திருச்சியில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். இரட்டைக் கிளட்ச் தானியங்கிக் கியர்பாக்ஸ், டர்போ எஞ்சின், கேமராவும் ரேடாரும் கொண்ட ஓட்டுநர் உதவிக் கருவிகள் ஆகியவை உள்ள காரிலோ, ஒரே ஒரு பாகம் பழுதாவதே வாரண்டிக் கட்டணத்தைப் பலமடங்கு மிஞ்சிவிடும். மின்சாரக் கார்களில் மிக விலையுயர்ந்த பாகமாகிய பேட்டரிக்கு எட்டாண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற அளவில் தனி வாரண்டி வழக்கமாகவே வருவதால், அதற்காக எனச் சொல்லிக் கூடுதல் பணம் கேட்கப்பட்டால் எதற்கு என்று வினவ வேண்டும்.

விலைக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இரண்டாண்டு நீட்டிப்புக்கு 15,000 ரூபாய் எனவும், அந்த இரண்டாண்டில் வரக்கூடிய பெரும்பழுதின் செலவு 60,000 ரூபாய் எனவும் கொண்டால், நான்கு கார்களில் ஒன்றுக்கேனும் அப்பழுது வந்தால்தான் கொடுத்த பணமும் பெற்ற பயனும் சமமாகும். அவ்வளவு அடிக்கடி பழுதாகும் காரை விற்கும் நிறுவனம் அந்த விலைக்கு வாரண்டியை விற்காது. அமெரிக்காவில் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2013இல் நடத்திய கருத்துக்கணிப்பில், கூடுதல் வாரண்டி வாங்கியோரில் 55 சதவீதத்தினர் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்று தெரிவித்தனர். இதனால் மட்டும் அது வீண் என்று ஆகிவிடாது. காப்பீட்டைப் போலவே, சராசரி இழப்பை ஏற்றுக்கொண்டு பேரிழப்பைத் தவிர்ப்பதற்கான செலவு அது. 60,000 ரூபாய்ச் செலவு திடீரென வந்தால் கடன் வாங்க நேரும் குடும்பத்துக்கு அதன் பயன் ஒன்று. வங்கியில் வைப்புத்தொகை உள்ள குடும்பத்துக்கு வேறு.

இந்தத் தொகையைக் கார்க் கடனிலேயே சேர்த்துவிடும் வழக்கம் குறித்து எச்சரிக்கை தேவை. 9 சதவீத வட்டியில் ஏழாண்டுக் கடனில் சேர்க்கப்படும் 15,000 ரூபாய், மாதம் 241 ரூபாய் வீதம், முடிவில் 20,000 ரூபாயைத் தாண்டிவிடும். அதிலும் முதல் மூன்றாண்டுக்கு அடிப்படை வாரண்டியே நடப்பில் இருப்பதால், இன்னும் தொடங்காத ஒன்றுக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பதாக ஆகும். பெரும்பாலான நிறுவனங்கள் அடிப்படை வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் நீட்டித்துக்கொள்ள இடம் தருகின்றன. தாமதமாக வாங்கினால் கட்டணம் சற்று உயரலாம் என்பது மெய்யே. ஆயினும் இரண்டாண்டு ஓட்டிப் பார்த்தவருக்குத் தம் வண்டியின் குணமும் தம் ஓட்டத்தின் அளவும் தெரிந்திருக்கும். அந்த அறிவு கட்டண உயர்வைவிடப் பெரும்பாலும் மதிப்பு மிக்கது.

ஒப்பந்தத்தில் பொறுப்பேற்பவர் யார் என்பதும் பார்க்கப்பட வேண்டும். கார் நிறுவனமே தரும் வாரண்டி, காப்பீட்டு நிறுவனத்தின் துணையோடு விற்கப்படுவது, விற்பனையகம் தன் பெயரில் தருவது என்று மூன்றும் ஒரே பெயரில் புழங்குகின்றன. கடைசி வகை, அந்த விற்பனையகம் முகமையை இழந்தாலோ மூடப்பட்டாலோ கேட்பாரற்றதாகிவிடும். கார் நிறுவனமே வெளியேறும் நிலையும் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. செங்கல்பட்டு மாவட்டம் மறைமலை நகரில் ஆலை நடத்திய ஃபோர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, சர்வீஸ், உதிரிப்பாகம், வாரண்டி ஆகியவற்றைத் தொடர்ந்து தருவதாக வாக்களித்தது. நிறுவனத்தின் பெயரிலேயே பெற்ற வாரண்டி இத்தகைய நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கிளையாவது தரும்.

வாரண்டி நிலைத்திருக்க உரிமையாளரும் சில கடமைகளைச் செய்தாக வேண்டும். குறித்த மாதத்துக்குள் அல்லது கிலோமீட்டருக்குள் சர்வீஸ் விடுவதும், ஒவ்வொரு முறையும் ரசீதையும் ஜாப் கார்டையும் பத்திரப்படுத்துவதும், வெளிக்கடையில் வயரை வெட்டி விளக்கோ ஒலிபெருக்கியோ பொருத்தாதிருப்பதும் அவற்றுள் முதன்மையானவை. வெளி மெக்கானிக்கிடம் விட்ட ஒரே காரணத்தால் வாரண்டி முற்றிலும் போய்விடும் என்று பலரும் அஞ்சுகின்றனர். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்த உத்தரவில், வெளிப் பட்டறையை நாடினாலே வாரண்டி ரத்து என்ற ஒட்டுமொத்த நிபந்தனை கூடாது என்றும், வெளியே செய்த தவறான பழுதுபார்ப்பால் கேடு விளைந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே ரத்து செய்யலாம் என்றும் கூறியது. அவ்வுத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றங்களுக்கும் சென்றன. ஆகவே அதை நுகர்வோர் தம் வாதத்துக்குத் துணையாகக் கொள்ளலாமே அன்றி, அதை நம்பி நீட்டிப்புக் காலத்தில் சர்வீஸை வெளியே விடுவது அறிவுடைமை ஆகாது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, ஸ்ரீரங்கத்திலோ திருச்சியிலோ ஆண்டுக்கு ஆறேழாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும், கையால் கியர் மாற்றும் சிறிய பெட்ரோல் காருக்குக் கூடுதல் வாரண்டி தேவையில்லை. அத்தொகையைத் தனியே சேமித்து வைப்பதே மேல். தானியங்கிக் கியரும் டர்போவும் மின்னணுக் கருவிகளும் நிறைந்த காரை ஐந்தாண்டுக்கு மேல் வைத்திருக்க எண்ணுபவர், கார் நிறுவனமே தரும் நீட்டிப்பை, கடனில் சேர்க்காமல், அடிப்படை வாரண்டி முடியும் முன் வாங்கிக்கொள்வது தக்கது. வாடகைக் கார்க்காரர் கிலோமீட்டர் வரம்பைத் தம் மாத ஓட்டத்தால் வகுத்துப் பார்த்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

வாரண்டிக் கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைத் திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தொடரலாம். கார் எந்த ஊரில் வாங்கப்பட்டிருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் இடத்தில் வழக்குத் தொடர அச்சட்டம் இடமளிக்கிறது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் செய்யலாம். வழக்குத் தொடரும் காலவரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டு. ஆதலால், ‘இது வாரண்டியில் வராது’ என்று சர்வீஸ் சென்டரில் வாய்மொழியாகச் சொல்லப்படும்போது, காரணத்தையும் தேதியையும் எழுத்தில் கேட்டுப் பெறாமல் உரிமையாளர் வண்டியை எடுத்து வரக்கூடாது.