ஆங்கிலம் கற்கும் சிறுவர்க்கு எப்புத்தகம்?

பட்டாபிராமில் 2024-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் 21 மாடிகள் கொண்ட டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அக்கட்டடத்தை அண்ணாந்து பார்க்கும் தாய் தந்தையர், தம் பிள்ளையும் ஒருநாள் அதனுள் உத்தியோகம் பார்க்க வேண்டும், அதற்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. அவ்வாசையை நாம் குறைகூற வரவில்லை. தமிழ்ப் பற்றுள்ளோர் ஆங்கிலத்தைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டுமென்பதும் நமது கொள்கையன்று. ஆனால் அவ்வாசையின் பெயரால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளின் கையில் திணிக்கப்படும் புத்தகங்கள் எத்தகையவை என்பதைத் தேசாபிமானிகள் ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்ததுண்டா?

நாம் புரட்டிப் பார்த்தோம். காகிதம் வழவழப்பு, படங்கள் கண்ணைப் பறிக்கின்றன, விலையோ மனத்தைத் துணுக்குறச் செய்கிறது. உள்ளே, வெண்பனியைத் திரட்டிப் பொம்மை செய்யும் சிறுவர். கணப்பின் முன் அமர்ந்திருக்கும் பாட்டி. மழையை எங்கேனும் தொலைந்து போகும்படி விரட்டும் பாட்டு. பூண்டி ஏரியும் செங்குன்றம் ஏரியும் நிரம்புமா என்று ஐப்பசி முழுவதும் வானத்தைப் பார்த்திருக்கும் ஜனங்களின் குழந்தைகள் மழையை விரட்டக் கற்றுக்கொள்கின்றன!

வேடிக்கை ஒருபுறமிருக்கட்டும். சொல்லும் தெரியாது, அச்சொல் குறிக்கும் பொருளும் தெரியாது என்று குழந்தைக்கு ஒரே சமயத்தில் இரண்டு கஷ்டங்கள் நேர்கின்றன என்பதே இதிலுள்ள தீங்கு. பொருள் பழகியதாயின் அதைக்கொண்டு சொல்லை ஊகிக்கலாம். இரண்டும் இருட்டானால் மனப்பாடம் ஒன்றே கதி. சொல்லிக்கொடுத்த சாக்ஷி முதல் விசாரணையில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, குறுக்கு விசாரணையின் முதற் கேள்வியிலேயே விழிப்பதை நாம் கோர்ட்டுகளில் கண்டிருக்கிறோம். பாடம் முழுவதையும் ஒப்பித்துவிட்டு, அதன் நடுவிலுள்ள ஒரு சொல்லைச் சுட்டிக் கேட்டால் விழிக்கும் குழந்தையின் நிலையும் அதுவே.

இது புதிய வியாதியன்று. 1920-களில் டாக்கா நகரின் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குத் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காளச் சிறுவர்கள் வருஷக்கணக்கில் ஆங்கிலம் பயின்றும் சாதாரணப் புத்தகமொன்றைத் தாமாக வாசிக்க இயலாதிருப்பதைக் கண்டார். குற்றம் சிறுவரிடத்தில் இல்லை, வாசக புத்தகங்களில்தான் இருக்கிறது என்று தேர்ந்தார். தீவைக் குறிக்கும் ‘ஐல்’ போன்ற ஏட்டுச் சொற்களை ஒதுக்கி, நாள்தோறும் வழங்கும் சொற்களை அவ்விடத்தில் வைத்தார். புதுச்சொற்களைக் குறைத்து, வாசிக்கும் பகுதியை நீட்டினார். வங்காளத்தின் இருமொழி நிலையைப் பற்றிய அவரது நூல் 1926-ல் வெளிவந்தது. ஆளவந்த இனத்தார் ஒருவர் நம் குழந்தைகளைப் பார்த்து அறிந்ததை, சுயராஜ்யம் வந்து முக்கால் நூற்றாண்டு கடந்தும் நம்மவர் கவனியாதிருப்பது விந்தை.

1959-ல் அக்காலச் சென்னை ராஜ்யத்தில் 27,000 ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் போதிக்கும் புதுமுறையில் பயிற்சியளிக்க ஒரு பெருமுயற்சி தொடங்கிற்று. நல்ல முயற்சிதான். ஆயினும் ஆசிரியரைத் திருத்துவதோடு நின்றால் பாதி வேலையே முடிந்ததாகும்.

மற்றப் பாதிக்குப் பிஜித் தீவைப் பார்க்க வேண்டும். நம்மவர் கரும்புத் தோட்டக் கூலிகளாய்க் கப்பலேற்றப்பட்ட அதே பிஜி. அங்கே கிராமப் பள்ளிகளில் 4, 5-ம் வகுப்பு அறைகளில் 250 கதைப்புத்தகங்கள் வீதம் வைத்துப் பார்த்தனர் வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்னும் இருவர். ஆங்கிலம் அக்குழந்தைகளின் வீட்டு மொழியன்று. கதை வாசித்த வகுப்பினர் வாசிப்பில் வழக்கத்தைவிட ஏறக்குறைய இருமடங்கு முன்னேறினர் என்பது 1983-ல் வெளியான முடிவு. அப்புத்தகங்களில் அயல்நாட்டுக் கதைகளும் இருந்தன என்பதை நாம் மறைக்கப் போவதில்லை. குழந்தை தானே விரும்பி எடுத்த கதையானால் அயற்சரக்கும் செரிக்கும். பரீட்சைக்காகத் திணித்தால் செரிப்பதில்லை.

ஆகவே புத்தகம் பொறுக்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அட்டையையன்று. ஒரு பக்கத்தைத் திறந்து குழந்தையை வாசிக்கச் சொல்லுங்கள். 100 சொற்களில் தெரியாதவை இரண்டுக்கு மேற்பட்டால், துணையின்றிக் கதையை நன்கு விளங்கிக்கொள்வது கடினம் என்பது 2000-ம் வருஷத்தில் ஹூ, பால் நேஷன் ஆகியோர் வெளியிட்ட ஆராய்ச்சியின் சாரம். இக்கணக்கின்படி, வகுப்புக்கு ஏற்றதென்று அச்சிட்டு விற்கப்படும் புத்தகங்களில் பல, இரண்டு வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைக்கே பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம்.

‘இங்கிலீஷ்காரன் எழுதினாலன்றோ இங்கிலீஷ் சுத்தமாயிருக்கும்’ என்பார் உளர். 1935-ல் லண்டனில் அச்சேறிய ‘சுவாமியும் நண்பர்களும்’ என்ற நாவலை எழுதிய ஆர்.கே. நாராயண் சென்னையில் பிறந்தவர் என்பதை அவர்கள் அறிவார்களாக. அதற்காக, இட்டிலி, மாட்டுவண்டி என்று நான்கு சொற்களைத் தூவிய புத்தகமெல்லாம் நம்முடையதாகிவிடாது. கதையில்லாமல் கடைசி வரியில் நீதி மட்டும் சொல்லும் சுதேசிப் புத்தகத்தைக் குழந்தை மூடி வைத்தால் நாம் குழந்தையின் கட்சியே.

நல்லவை கிடையாமலில்லை. சென்னையில் 1996-ல் தோன்றிய தூலிகா பதிப்பகம், ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் கொண்ட படக்கதைகளை வெளியிட்டிருக்கிறது. தாய்மொழி பக்கத்திலிருக்கையில் குழந்தை அகராதியைத் தேட வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் ஸ்டோரிவீவர் வாயிலாக, வாசிக்கும் திறத்திற்கேற்ப நான்கு படிகளாக வகுத்த கதைகளை இலவசமாக அளிக்கிறது. அவற்றை அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை. தமிழுக்கு அரசாங்கப் பள்ளிகளில் 2023-ல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று சிறுநூல்களைப் படிப்படியாக வகுத்தது. ஆங்கிலத்திற்கும் அவ்வாறே வகுக்கும்படி சர்க்காரைக் கேட்பது நியாயமான கோரிக்கை.

சர்க்கார் செய்யும்வரை கட்சித் தொண்டர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஊர்தோறும் படிப்பகங்கள் இருக்கின்றன. அவற்றில் பத்திரிகைகளும் தலைவர்களின் படங்களும் உள்ளன. அங்கே குழந்தைகளுக்கென ஓர் அலமாரி வையுங்கள். பட்டாபிராமில் 1969 முதல் இந்துக் கல்லூரி நடந்து வருகிறது. அதன் மாணவர் சிலர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வந்து, குழந்தைகளுடன் அமர்ந்து வாசித்தால் செலவொன்றும் ஆகாது. அலமாரிக்குப் பூட்டு மட்டும் வேண்டாம். வருஷ முடிவில் கணக்குப் பார்க்கும்போது எத்தனை புத்தகங்கள் பத்திரமாயுள்ளன என்று கேளாமல், எத்தனை புத்தகங்கள் வாசித்துக் கிழிந்தன என்று காரியதரிசியைக் கேளுங்கள்.