மத்தியும் மாறும் கடலும்

மலபார்க் கரையில் எளியோர் வீட்டு மீன் மத்தி. சாளை என்றும் நாம் வழங்குவோம். தென்மேற்குப் பருவக்காற்றின்போது ஆழத்துக் குளிர்நீர் மேலெழுந்து நுண்பாசிகளைப் பெருக்கும். அவற்றை உண்டே மத்தி கொழுக்கிறது. அந்நீரெழுச்சி பிறழ்ந்தால் மீனும் பொய்க்கும். 2012இல் கேரளம் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடித்தது. 2021இலோ 3,500 டன்னும் தேறவில்லை. பழி முழுவதையும் வெப்பத்தின்மீது சுமத்துவதற்கில்லை. மத்தி முன்பும் மறைந்து மீண்டதுண்டு. 1940களில் சென்னை அரசே அதன் பிடிப்பைக் கட்டுப்படுத்த நேர்ந்தது. குஞ்சுகளை வாரும் வலைகளுக்கும் இதில் பங்குண்டு. எனினும், 1980களின் நடுப்பகுதிவரை பெரும்பாலும் மலபாருக்கே உரியதாயிருந்த இம்மீன், பின்னர்த் தமிழகக் கடலிலும் திரளாகக் கிடைக்கலாயிற்று. கடல் சூடேறியதையே கொச்சி ஆய்வாளர்கள் இதற்குக் காரணமாகக் காட்டினர். பொன்னானி மாப்பிளா மீனவர்க்கு இஃது ஆறுதலாகுமா? மத்தி பொய்த்த ஆண்டிலும் வள்ளத்திற்கும் வலைக்கும் பட்ட கடனை அவர்கள் அடைத்தாக வேண்டும்.