விதைக்குள் பூட்டிய செல்வம்

சிறு கிண்ணமொன்றில் ஈரப்பஞ்சினை விரித்து, அதன்மேல் கோதுமை மணிகள் சிலவற்றை இட்டு, காய்ச்சி வடித்த நீரை மட்டும் தெளித்து வாருங்கள். மண் இல்லை, உரமும் இல்லை. ஆயினும் ஒரு வாரத்திற்குள் பசிய இலை தலைதூக்கும். இலையின் பச்சையத்திற்கு மக்னீசியம் வேண்டும். வளரும் ஒவ்வோர் உயிரணுவுக்கும் பாஸ்பரஸ் வேண்டும். வடித்த நீரில் இவை இல்லையே, பின் எங்கிருந்து வந்தன? தாய்ப்பயிர் தன் சேய்க்கெனக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோற்றிலிருந்தே வந்தன.

தானிய மணியின் ஒரு முனையில் கரு உள்ளது. எஞ்சிய பெரும்பகுதி மாவு. அம்மாவைச் சுற்றி மெல்லிய போர்வைபோல் அமைந்திருப்பது அலியூரான் அடுக்கு. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுவது இவ்வடுக்கே. இதன் உயிரணுக்களிலுள்ள நுண்ணிய பைகளில் பைட்டிக் அமிலம் என்னும் பொருள் சேமிக்கப்பட்டுள்ளது. இனோசிட்டால் என்ற வளையத்தில் ஆறு பாஸ்பேட்டுகள் கோக்கப்பட்ட அமைப்பு அது. தானியத்திலுள்ள பாஸ்பரஸில் பெரும்பங்கு இவ்வடிவிலேயே இருக்கிறது. அந்த ஆறு கைகளும் பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றையும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. விதை உறங்கும் வரையில் இப்பூட்டு திறப்பதில்லை.

நீர் பட்டதும் கரு விழிக்கிறது. ஜிப்ரலின் என்னும் ஹார்மோனை அலியூரான் அடுக்குக்குத் தூதனுப்புகிறது. அங்கே நொதிகள் செயற்படத் தொடங்குகின்றன. அமைலேஸ் மாவைச் சர்க்கரையாக்குகிறது. பைட்டேஸ் என்னும் நொதி பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி விடுகிறது. பிடி தளர்ந்ததும் தாதுக்கள் நீரில் கரைந்து, கேடயம் போன்ற விதையிலையின் வழியே கருவைச் சென்றடைகின்றன. பைட்டேஸை 1907-ஆம் ஆண்டில் அரிசித் தவிட்டில் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர்கள் சுசூகி முதலான ஜப்பானிய அறிஞர்கள்.

நாம் வாழும் இவ்வளைகுடாப் பகுதிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பெர்க்கலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ரசல் ஜோன்ஸ் வாற்கோதுமையின் அலியூரான் அடுக்கைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். ஜிப்ரலின் வந்து சேர்ந்ததும் அந்நுண்பைகளின் உட்புறம் அமிலத்தன்மை மிகுந்ததாக மாறுகிறது என்பதை அவரும் சாரா சுவான்சனும் 1996-இல் வெளியிட்டனர். சேமிப்பைச் சிதைக்கும் நொதிகள் பல, அத்தகைய சூழலிலேயே நன்கு செயற்படுகின்றன.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். மனிதக் குடலில் பைட்டேஸ் மிகக் குறைவு. ஆகவே தானியத்தில் இரும்பு இருந்தாலும் அதில் பெரும்பகுதி உடலிற் சேராமல் வெளியேறிவிடும். இந்திய அரசின் 2019–21 குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை உள்ளது. இதற்குக் காரணங்கள் பல. இரும்புச்சத்துக் குறைவு அவற்றுள் முதன்மையானது. கைக்குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் கூழ் காய்ச்சிக் கொடுத்த நம் பாட்டிமார் பைட்டேஸின் பெயரை அறியார்; எனினும் அதனிடம் வேலை வாங்க அறிந்திருந்தனர்.

"முளைகட்டினால் சத்து கூடும்" என்று நாம் சொல்வதுண்டு. தாதுக்களைப் பொறுத்தவரை இது சரியன்று. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. முளைப்பதால் புதிதாக ஒரு துளியும் பிறப்பதில்லை; ஊறவைத்த நீரோடு சிறிது கழிவதும் உண்டு. கூடுவது இருப்பன்று, உடலுக்குக் கிட்டும் பங்கே.

செய்முறையும் இதையொட்டியதே. தானியத்தை இரவு முழுதும் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரத்துணியில் கட்டி ஒன்றிரண்டு நாள் வைத்தால் முளை தோன்றும். வறுப்பதானால் அதன் பின்னரே வறுக்க வேண்டும். முதலிலேயே வறுத்தால் கருவும் நொதியும் மடிந்துவிடும். பைட்டிக் அமிலம் முழுவதும் நீங்கிவிடாது; ஆதலின் எலுமிச்சை போன்ற வைட்டமின் சி நிறைந்த உணவையும் சேர்த்துக்கொண்டால் இரும்பு மேலும் நன்கு உடலிற் சேரும்.

கேழ்வரகு இங்குள்ள இந்தியக் கடைகளிலும் கிடைக்கிறது. நம் பிள்ளைகள் அதைத் தம் கையாலேயே முளைகட்டிப் பார்க்கட்டும். ஒரு பிடி தானியத்தில் பாட்டியின் கைப்பக்குவத்தையும் பல்கலைக்கழகத்தின் ஆய்வையும் அவர்கள் ஒருங்கே கற்றுக்கொள்வார்கள்.