பெயரும் புற்றுநோய்ப் பதிவேடும்

கிள்ளான் மருத்துவமனையில் 'லெட்சுமி' என்று பதிவான ஒருவர், மேற்சிகிச்சைக்குக் கோலாலம்பூர் வருகையில் 'லக்ஷ்மி' ஆகிவிடக்கூடும். தமிழறிந்தார்க்கு இரண்டும் ஒரே பெயர். கணினிக்கு அவ்வாறன்று.

புற்றுநோய் ஆய்வுக்குத் துணைநிற்கும் கணினி அறிவியலாளரின் முதற்பணி, பல மருத்துவமனைகளில் சிதறிக்கிடக்கும் ஒருவரின் பதிவுகளை ஒன்றிணைப்பதாகும். அவை இணையாவிடில் ஒரு நோயாளர் இருவராக எண்ணப்படுவார். இறப்புப் பதிவு இணையாவிடிலோ, இறந்தவர் வாழ்பவராகவே கணக்கில் நிற்பார். சிகிச்சையின் பயன் மிகையாகத் தோன்றும். 12 இலக்க அடையாள அட்டை எண் இச்சிக்கலைப் பெரும்பாலும் தீர்க்கிறது. அவ்வெண் விடுபட்டோ பிழைபட்டோ இருப்பின் பெயரே துணை.

ஒலியொத்த பெயர்களைத் திரட்ட, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' முறை இன்றும் பயன்படுகிறது. அது ரோமன் முதலெழுத்தை அப்படியே வைத்து, பின்வரும் மெய்களை எண்களாக்கும். இந்நாட்டு வழக்கில் எழுதப்படும் லெட்சுமிக்கு எல்-325 கிடைக்கும், லக்ஷ்மிக்கு எல்-250. கணேசனை ஒருவர் 'கே' என்றும் மற்றவர் 'ஜி' என்றும் தொடங்கினால் முதலெழுத்திலேயே இருவராவார். தமிழில் ககரம் ஒன்றே இவ்விரண்டு ஒலிகளுக்கும் வரிவடிவம். மொழியியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கும் இதை நிரலாளர்க்கு எவரும் சொல்வதில்லை.

இதனினும் கடியது உறவுமுறை. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களின் கேடு தாய்வழியும் தந்தைவழியும் வரும். மேலைநாட்டு நிரல் குடும்பப்பெயரைத் தேடுகிறது. நம் பெயரின் இறுதியில் நிற்பதோ தந்தை பெயர். அது உடன்பிறந்தாரைக் காட்டும். தாயையும் மகளையும் இணைக்காது. நோயாளரின் தாய் பெயரையும், அத்தாயின் தந்தை பெயரையும் படிவத்தில் கேட்டெழுதினாலன்றி அவ்வுறவு எந்த நிரலுக்கும் புலப்படாது.