பிரெஞ்சு யூனியனை விட்டு வந்த புதுச்சேரி: வணிகர்கள் அறிய வேண்டிய பாடம்



பிரிட்டன் ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா என்று 2016 ஜூன் 23 அன்று மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. காப்பி விலைக்காக வெளிநாட்டுச் செய்தியைக் கவனிக்கும் பழக்கம் நமது ஏற்காட்டில் உண்டு. ஆகவே அந்தப் பேச்சு நம் கடைவீதிக்கும் வந்தது. "மக்களைக் கேட்டது சரிதான்" என்பார் ஒருவர். "இவ்வளவு பெரிய கணக்கை ஒரே கேள்வியில் அடக்கலாமா?" என்பார் இன்னொருவர். ஆண்டுகள் பல கடந்தும் அந்த விவாதம் ஓயவில்லை.

இதே போன்ற விவாதம் நமக்கு மிக அருகிலேயே நடந்து முடிந்திருக்கிறது என்பதை நம்மில் இளைய வணிகர்கள் பலர் அறியார். சேலத்தில் ஏற்றிய சரக்கு ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாகப் போய் இறங்கும் புதுச்சேரிதான் அந்த இடம். அங்கே விலக வேண்டியிருந்தது பிரெஞ்சு யூனியன் என்ற அமைப்பிலிருந்து. அந்த வரலாற்றை வியாபாரியின் கண்கொண்டு பார்த்தால் பல உண்மைகள் விளங்கும்.

பிரெஞ்சு யூனியன் என்பது என்ன?

இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1946ல் பிரான்ஸ் புதிய அரசியல் சட்டம் இயற்றியது. தன் ஆட்சியில் இருந்த கடல் கடந்த பகுதிகளையும் தன்னோடு சேர்த்து "பிரெஞ்சு யூனியன்" என்று பெயரிட்டது. நம் நாட்டில் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், வங்காளத்தில் சந்திரநாகூர் ஆகிய ஐந்து ஊர்களும் அதில் அடங்கின. அங்கிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்திற்கு உறுப்பினரும் அனுப்பப்பட்டார்.

அந்தச் சட்டத்தின் 27வது பிரிவு முக்கியமானது. எந்த ஒரு பகுதியையும், அங்குள்ள மக்களின் சம்மதமின்றி வேறு நாட்டிற்குக் கொடுப்பது செல்லாது என்று அது கூறியது. ஆகவே 1947ல் வெள்ளையர் வெளியேறியதும் இந்தியா இந்த ஊர்களைக் கேட்டபோது, "மக்களைக் கேட்காமல் கொடுக்க எங்கள் சட்டம் இடம் தராது" என்றது பிரான்ஸ். 1948 ஜூன் மாதம் இரு அரசுகளும் ஓர் ஏற்பாட்டிற்கு வந்தன. அந்தந்த ஊர் மக்களே வாக்களித்துத் தங்கள் எதிர்காலத்தை முடிவு செய்யலாம் என்பதே அது.

சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவுடன் சேர 7,473 பேரும், பிரெஞ்சு யூனியனிலேயே இருக்க 114 பேரும் வாக்களித்தனர். 1950 மே 2 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. காரியம் சுலபமாக முடிந்தது. புதுச்சேரியில் அப்படி முடியவில்லை.

ஏன் இத்தனை கருத்து வேறுபாடு?

புதுச்சேரியில் ஒவ்வொரு சாராருக்கும் ஒவ்வொரு கணக்கு இருந்தது. தேசிய இயக்கத்தார், "தாய்நாட்டோடு சேர வாக்கெடுப்பு எதற்கு? பெற்ற தாயிடம் போகப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்குவார்களா?" என்ற நிலையில் இருந்தனர். எதுவார் குபேர் தலைமையிலான பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி அப்போது பிரெஞ்சு ஆதரவு நிலையில் இருந்தது. 1948 அக்டோபரில் நடந்த நகரசபைத் தேர்தல்களில் புதுச்சேரிப் பகுதியில் அக்கட்சியே பெருவெற்றி பெற்றது. அத்தேர்தல் முறையாக நடக்கவில்லை, அடிதடியும் மிரட்டலும் இருந்தன என்ற குற்றச்சாட்டு பலமாக எழுந்தது.

வ. சுப்பையா தலைமையில் ஆலைத் தொழிலாளர்கள் தனிப்பெரும் சக்தியாக இருந்தனர். 1936 ஜூலை 30ல் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்களைப் பலி கொடுத்து உரிமை பெற்றவர்கள் அவர்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்குபவர்கள், அரசு உத்தியோகஸ்தர்கள் ஆகியோருக்கோ, "நாளை எங்கள் பணம் யார் கொடுப்பார்?" என்ற கவலை. இவர்களில் யாரையும் துரோகி என்று சொல்லிவிட முடியாது. அடுப்பு எரிய வேண்டும் என்ற கவலை எல்லோருக்கும் பொது.

வாக்கெடுப்பை 1949 டிசம்பரில் நடத்துவதாகப் பேசி, பின்னர் தள்ளிவைத்தார்கள். 1951ல் நடுநிலைப் பார்வையாளர்கள் வந்து பார்த்தனர். சுதந்திரமாக வாக்களிக்கும் சூழல் அங்கே இல்லை என்பதே அவர்கள் கண்ட நிலை. 1952ல் இந்திய அரசு வாக்கெடுப்பு யோசனையைக் கைவிட்டு, நேரடியாக ஒப்படைக்கும்படி கேட்டது.

சுங்க வேலியும் கடைக்காரரும்

இனி நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயத்திற்கு வருவோம்.

1941 முதல் பிரெஞ்சிந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒரே சுங்க ஏற்பாட்டில் இருந்தன. சரக்கு தடையின்றிப் போய் வந்தது. 1949 ஏப்ரல் முதல் இந்தியா அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. எல்லையில் சுங்கச் சாவடிகள் வந்தன.

புதுச்சேரியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். புதுச்சேரி, உழவர்கரை, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை என்ற எட்டுக் கொம்யூன்களும் ஒரே துண்டாக இல்லை. இடையிடையே தென்னார்க்காடு மாவட்டத்துக் கிராமங்கள் கிடந்தன. ஒரு பிரெஞ்சுக் கிராமத்திலிருந்து இன்னொரு பிரெஞ்சுக் கிராமத்திற்கு மூட்டை போக வேண்டுமென்றால் இந்திய மண்ணைத் தாண்ட வேண்டும். ஆலைகளுக்குப் பருத்தியும், வீடுகளுக்கு அரிசியும் இந்தியப் பகுதியிலிருந்துதான் வர வேண்டும்.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் விளைகின்றன. ஆனால் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, உப்பு வரை எல்லாம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து மலையேறி வருகின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கான லாரி வாடகை ஒவ்வொரு கிலோவிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அடிவாரத்தில் ஒரு வெளிநாட்டுச் சுங்கச் சாவடியும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகும் அரிசிக்கு அனுமதிச் சீட்டு, கீழே வரும் காப்பிக்குத் தீர்வை. மலையில் கடை வைத்திருப்பவர் எத்தனை நாள் தாங்குவார்? புதுச்சேரி மளிகைக்காரர்களின் நிலை ஏறத்தாழ அதுதான்.

இதிலும் லாபம் பார்த்தவர்கள் உண்டு. பிரான்ஸ் புதுச்சேரியைத் தீர்வை இல்லாத துறைமுகமாக நடத்தியது. தங்கம், கைக்கடிகாரம், சாராய வகைகள் கப்பலில் வந்து இறங்கின. வந்த சரக்கு முழுவதையும் அந்தச் சிறிய ஊர் மட்டுமே அனுபவித்திருக்க முடியாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். எல்லை தாண்டும் கள்ளக்கடத்தல் பெருகியது. நேர்மையாகத் தராசு பிடித்தவனுக்கு நஷ்டம், இருட்டில் மூட்டை சுமந்தவனுக்குக் கொழுத்த லாபம் என்ற நிலை வந்தது. எங்கே தேவையற்ற வேலி போடப்படுகிறதோ, அங்கே இந்த வியாபாரம் முளைத்தே தீரும்.

கீழூரில் நடந்தது

1954ல் காற்று திசை மாறியது. மார்ச் மாதம் எட்டுக் கொம்யூன்களின் மன்றத்தாரும், வாக்கெடுப்பு இல்லாமலே இந்தியாவுடன் சேர வேண்டும் என்று தீர்மானம் போட்டனர். பிரெஞ்சு ஆதரவாளராக இருந்த குபேரும் அணி மாறினார். ஏன் மாறினார் என்பதற்கு அவரவர் ஒரு காரணம் சொல்வதுண்டு. அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. ஜூன் மாதம் ஏனாமும், ஜூலை மாதம் மாகியும் பிரெஞ்சு நிர்வாகத்தின் கையை விட்டுப் போயின.

பிரான்சின் சட்டப்படி மக்கள் சம்மதம் என்ற சடங்கு மட்டும் பாக்கி இருந்தது. அதற்கு ஒரு நடுவழி கண்டனர். 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற சிற்றூரில், பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும் கூடி வாக்களித்தனர். மொத்தம் 178 பேர். இந்தியாவுடன் சேர 170 வாக்குகள், எதிர்த்து 8 வாக்குகள். மூன்றாம் நாள் டில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. முறையான ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28ல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16ல்தான் சட்டப்படி முழுமை பெற்றது. கைமாற்று ஒரே நாளில் முடிந்தாலும் பத்திரப்பதிவுக்கு எட்டு ஆண்டுகள் பிடித்தன என்று சொல்லலாம்.

இது முறையான வாக்கெடுப்பா என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. சந்திரநாகூரில் குடிமக்கள் நேரில் வாக்களித்தனர். கீழூரில் அவர்களின் பிரதிநிதிகள் வாக்களித்தனர். "வேறொரு காரியத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், ஊரின் தலைவிதியை முடிவு செய்யலாமா?" என்பது ஒரு கட்சி. "அடியாட்களுக்குப் பயந்து கடைக் கதவைச் சாத்தும் ஊரில் நேரடி வாக்கு மட்டும் என்ன மதிப்புப் பெறும்?" என்பது மறு கட்சி. என் கருத்து, நேரடியாகக் கேட்பதே உயர்ந்த முறை. ஆனால் பயமின்றிப் பதில் சொல்லும் நிலை முதலில் இருக்க வேண்டும். எடைக்கல் சரியாக இல்லாத தராசில் நிறுத்துக் காட்டுவதால் யாருக்கும் திருப்தி வராது.

தோற்றவர்களை நடத்திய விதமும் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு 1962க்குப் பின் ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படி எழுதிக்கொடுத்தவர்களின் குடும்பங்கள் இன்றும் புதுச்சேரியில் நிம்மதியாக வாழ்கின்றன. குபேர் 1963ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானார். அங்குள்ள பெரிய மார்க்கெட்டே இன்று அவர் பெயரால்தான் வழங்குகிறது.

பிரிட்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு

இப்போது பிரிட்டனுக்கு வருவோம். அங்கே விலக வேண்டும் என்றவர்கள் நூற்றுக்கு 51.9, இருக்க வேண்டும் என்றவர்கள் 48.1. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பெரும்பான்மையோர் இருக்கவே வாக்களித்தனர். வாக்குச் சீட்டில் "இருப்பதா, விலகுவதா" என்ற கேள்வி மட்டுமே இருந்தது. சுங்கச் சாவடி எங்கே வரும், சரக்குக்கு என்னென்ன தாள் வேண்டும் என்பது எதுவும் சீட்டில் இல்லை.

2020 ஜனவரி 31ல் விலகினார்கள். 2021 தொடக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் சரக்குக்குச் சுங்கத் தாள்கள் தேவைப்பட்டன. ஒரே நாட்டின் பகுதியான வட அயர்லாந்துக்குக் கடல் தாண்டி அனுப்பும் மளிகைச் சரக்குக்கும் தாள்கள் வந்தன. அதைச் சரிசெய்ய 2023ல் இன்னொரு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து வரும் உணவுச் சரக்கைச் சோதிக்கும் ஏற்பாட்டைப் பலமுறை தள்ளிவைத்து, 2024ல்தான் தொடங்கினார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுச்சேரியில் சுங்க வேலி 1949ல் வந்தது, வாக்கு 1954ல் வந்தது. வேலியின் விலை என்ன என்பதை ஐந்து ஆண்டுகள் கொடுத்துத் தெரிந்துகொண்ட பிறகே முடிவு செய்தார்கள். பிரிட்டனில் வாக்கு முதலில் வந்தது, வேலி பின்னால் வந்தது. விலை தெரியாமல் பேரம் முடித்து, வீட்டுக்கு வந்து சிட்டையைப் பார்த்த கதை அது. அதனால்தான் அங்கே சச்சரவு நீண்டது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

சேருவதோ பிரிவதோ, எல்லை மாற்றப் பேச்சு எங்கே எழுந்தாலும் வணிகர் நான்கு விஷயங்களைக் கேட்டுத் தெளிய வேண்டும். ஒன்று, சரக்கைச் சோதிக்கும் இடம் எங்கே வரும், அதற்கு எத்தனை நாள் பிடிக்கும்? இரண்டு, வரவேண்டிய பாக்கியும் கொடுக்கவேண்டிய பாக்கியும் எந்த நாணயத்தில், எந்த நீதிமன்றத்தின் கீழ் தீரும்? மூன்று, இன்று கையில் உள்ள உரிமம் நாளையும் செல்லுமா? நான்கு, மக்கள் பயமின்றிப் பதில் சொல்லும் சூழல் இருக்கிறதா?

இது பழங்கதை அல்ல. 1979 ஜனவரியில் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கும் பேச்சு எழுந்தபோது அங்கே பெருங்கலவரம் மூண்டது. மக்களைக் கேட்காமல் பேசியதே அதற்குக் காரணம். அதற்கு முன்பே, 1967 ஜனவரி 16ல், கோவாவை மகாராஷ்டிரத்தோடு சேர்ப்பதா என்று மக்களிடமே கேட்டார்கள். தனியே இருக்க 1,72,191 பேரும், சேர 1,38,170 பேரும் வாக்களித்தனர். கேட்டார்கள், பதில் கிடைத்தது, அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார்கள்.

நம் சங்கத்திற்கும் இதில் ஒரு கடமை உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தனிக் கருத்து இருக்கலாம். ஆனால் சங்கம் ஒரு கட்சியின் கொடியைப் பிடித்தால், மறு கட்சிக்காரர் கடைக்கு வெளியே நிற்பார். சங்கம் செய்யத்தக்கது, மேற்சொன்ன நான்கு கேள்விகளையும் இரு தரப்பாரிடமும் சமமாகக் கேட்டு, கிடைத்த பதிலை உறுப்பினர்களுக்கு எழுதித் தெரிவிப்பது. முடிவு எப்படி வந்தாலும் மறுநாள் காலை கடை திறக்க வேண்டும். ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அதே கடைக்குத்தான் பருப்பு வாங்க வருவார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

வளர்க வணிகம்! ஓங்குக வணிகர் ஒற்றுமை!