கடன் தீர்க்க எழுதிய கை

1814-ம் ஆண்டு, ஜூன் மாதம். ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகரான எடின்பரோவில், ஒரு வீட்டில் சில வாலிபர்கள் விருந்து சாப்பிட்டுக் கொண்டு இருந்தார்கள். ஒரே சிரிப்பு, கும்மாளம்.

திடீர் என்று அந்த வீட்டு வாலிபரின் முகம் மாறியது. உடம்பு சரி இல்லையா என்று நண்பர் கேட்டார். அதெல்லாம் இல்லை, அதோ அந்த ஜன்னலைப் பாருங்கள் என்றார் அவர்.

பின்பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அது எழுதிக் கொண்டு இருந்தது. ஒரு தாள் முடிந்ததும் குவியலில் விழும். உடனே அடுத்த தாள். மாலை நேரம் முழுவதும் அந்தக் கை ஓயவில்லை!

யாரோ குமாஸ்தா நகல் எழுதுகிறான் என்று ஒருவர் நினைத்தார். அது குமாஸ்தாவின் கை அல்ல. வால்டர் ஸ்காட் என்ற எழுத்தாளரின் கை.

அந்தக் கை சம்பாதித்தது கொஞ்சமா? அந்தக் கையின் தலையில் விழுந்த கடன்தான் கொஞ்சமா? அதுதான் இந்தக் கதை.

தூண்டில் பெட்டியில் நாவல்

ஸ்காட் 1771-ம் ஆண்டு பிறந்தார். குழந்தையாக இருந்தபோதே நோயினால் ஒரு கால் ஊனம் ஆகிவிட்டது. ஓடி விளையாட முடியாத பிள்ளைக்குப் பெரியவர்கள் பழங்கதை சொன்னார்கள். அதுவே அவருக்கு முதல் பள்ளிக்கூடம்.

வளர்ந்து வக்கீல் ஆனார். கோர்ட்டில் உத்தியோகமும் கிடைத்தது. கவிதை எழுதிப் பெரிய புகழ் பெற்றார்.

1805-ல் "வேவர்லி" என்ற நாவலைத் தொடங்கினார். படித்துப் பார்த்த நண்பருக்குப் பிடிக்கவில்லை. அதனால் மூலையில் போட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, விருந்தாளிக்காகத் தூண்டில் சாமான்களைத் தேடியபோது, அந்தப் பழைய தாள்கள் கையில் அகப்பட்டன. இது ஸ்காட்டே சொன்ன தகவல்.

மிச்சம் இருந்த இரண்டு பாகங்களை மூன்றே வாரத்தில் எழுதி முடித்தார். ஜன்னலில் அந்த வாலிபர்கள் பார்த்தது அப்போதுதான்!

பெயர் இல்லாத ஆசிரியர்

நாவல் வெளிவந்தது. ஆனால் அதில் ஆசிரியர் பெயர் இல்லை. கோர்ட்டு அதிகாரி கதை எழுதுவது கவுரவம் அல்ல என்று ஸ்காட் நினைத்தார்.

புத்தகம் பிய்த்துக் கொண்டு போயிற்று. "வேவர்லி ஆசிரியர்" என்று மட்டும் போட்டு, நாவலுக்கு மேல் நாவல் வந்தது. யார் இந்த ஆசிரியர் என்று நாடே கேட்டது. ஸ்காட் வாய் திறக்கவில்லை.

பணம் கொட்டியது. டிவீடு நதிக்கரையில் நிலம் வாங்கினார். அபட்ஸ்போர்டு என்ற மாளிகையைக் கட்டினார். அரசர் "சர்" பட்டம் கொடுத்தார்.

இன்னும் எழுதாத நாவலுக்குக்கூட பதிப்பாளர் முன்கூட்டியே பணச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆபத்து அதில்தான் ஒளிந்து இருந்தது.

இடி விழுந்தது

அந்தச் சீட்டு என்பது புரோநோட்டு போன்றது. அதை பாங்கியில் கொடுத்துப் பணம் வாங்கிக் கொள்ளலாம். தவணை வந்ததும் சீட்டு எழுதியவர் பணம் கட்ட வேண்டும். அவரால் முடியாவிட்டால், பின்னால் கையெழுத்துப் போட்டவர் கட்ட வேண்டும்.

ஸ்காட் ஓர் அச்சாபீசில் ரகசியக் கூட்டாளி. அச்சாபீசுக்குப் பதிப்பாளர் கையெழுத்து. பதிப்பாளருக்கு அச்சாபீஸ் கையெழுத்து. இப்படி ஒருவரை ஒருவர் பிடித்துக் கொண்டு நின்றார்கள்.

1825-ம் ஆண்டின் கடைசியில் லண்டனில் பண நெருக்கடி ஏற்பட்டது. பாங்கிகள் கதவை மூடின. லண்டன் புத்தக வியாபாரி விழுந்தார். அவரை நம்பிய எடின்பரோ பதிப்பாளர் விழுந்தார். அவரை நம்பிய அச்சாபீசும் விழுந்தது.

1826 ஜனவரியில் ஸ்காட்டின் தலையில் விழுந்த கடன், ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் பவுன்!

அவருடைய உத்தியோகச் சம்பளம் ஆண்டுக்குச் சுமார் 1,600 பவுன். ஒரு காசுகூடச் செலவு செய்யாமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்தாலும், கடன் தீர 75 ஆண்டுகள் ஆகும். அப்போது அவருக்கு வயது 54.

மஞ்சள் கடுதாசி கொடுக்கவில்லை

மஞ்சள் கடுதாசி கொடுத்துத் தப்பித்து இருக்கலாம். சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. ஸ்காட் சம்மதிக்கவில்லை. அவகாசம் மட்டும் கொடுங்கள், எழுதியே கடனை அடைக்கிறேன் என்றார். கடன்காரர்கள் ஒப்புக் கொண்டார்கள்.

உதவி தேடி வந்தது. பெயர் சொல்லாத ஒருவர் 30 ஆயிரம் பவுன் தர முன்வந்தார். அவருடைய மகள்களுக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்த வாத்தியார், தன் சேமிப்பில் இருந்து 500, 600 பவுன் தருவதாகச் சொன்னார். அந்த ஏழையின் அன்பு ஸ்காட்டை உருக்கியது. ஆனால் ஒரு பைசாவும் வாங்கவில்லை.

எடின்பரோ வீடு விற்பனைக்குப் போயிற்று. ஸ்காட் வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போனார்.

அந்த ஆண்டு மே மாதம் மனைவி நோயில் கிடந்தாள். ஸ்காட் புறப்படும்போது அவள் ஆழ்ந்து தூங்கிக் கொண்டு இருந்தாள். எழுப்ப மனம் இல்லை. சொல்லிக்கொள்ளாமலே எடின்பரோவுக்குப் போனார். நான்கு நாளில் அவள் இறந்துவிட்டாள்.

அழுதார். பிறகு பேனாவை எடுத்தார்.

எழுத்து, எழுத்து, எழுத்து!

நெப்போலியனின் வரலாற்றை 9 பாகங்களாக எழுதினார். 1827-ல் அது வெளிவந்தது. அதில் மட்டும் 18 ஆயிரம் பவுன் கிடைத்தது. எல்லாம் கடனுக்குப் போயிற்று.

அதே ஆண்டு ஒரு விருந்தில், வேவர்லி ஆசிரியர் நான்தான் என்று ஊர் அறியச் சொன்னார்.

1829-ல் பழைய நாவல்கள் மலிவுப் பதிப்பாக வரத் தொடங்கின. மாதம் ஒரு புத்தகம். விலை 5 ஷில்லிங். சாதாரண மக்களும் வாங்கினார்கள். கடன் மளமள என்று குறைந்தது. மனம் குளிர்ந்த கடன்காரர்கள், அபட்ஸ்போர்டு வீட்டுச் சாமான்களையும் புத்தகங்களையும் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் உடம்பு தாங்கவில்லை. 1830-ல் வாத நோய் தாக்கியது. டாக்டர்கள் எழுதக் கூடாது என்றார்கள். அவரோ எழுதினார். நாக்கு குழறியது. கை நடுங்கியது. கடைசி நாவல்கள் பழைய நாவல்கள் போல இல்லை.

காற்று மாற்றத்துக்காக அரசாங்கமே ஒரு போர்க்கப்பலில் அவரை அனுப்பியது. இத்தாலியில் இருந்தபோது, கடன் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று அவர் நம்பினார். உண்மையில் பாக்கி இருந்தது. அதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

கை ஓய்ந்தது

1832-ல் அபட்ஸ்போர்டு திரும்பினார். ஒரு நாள் தன்னை எழுதும் மேசைக்கு அழைத்துப் போகச் சொன்னார். நாற்காலியில் வைத்துத் தள்ளிக் கொண்டு போனார்கள். மகள் பேனாவை அவர் கையில் வைத்தாள்.

விரல்கள் மடங்கவில்லை. பேனா நழுவி விழுந்தது. ஸ்காட்டின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி அவர் காலமானார்.

மிச்சக் கடன் என்ன ஆயிற்று? அவர் எழுதி வைத்த புத்தகங்களே அதை அடைத்தன. 1847-ல் கணக்குத் தீர்ந்தது.

இன்று எடின்பரோவுக்கு ரெயிலில் போகிறவர்கள் "வேவர்லி" நிலையத்தில் இறங்குகிறார்கள். ஒரு நாவலின் பெயரில் ஒரு ரெயில் நிலையம்!

பக்கத்திலேயே ஸ்காட்டுக்கு 200 அடி உயர நினைவுக் கோபுரம் இருக்கிறது. அதன் அடியில் சலவைக் கல்லில் ஸ்காட் உட்கார்ந்து இருக்கிறார். அருகே அவருடைய நாய். எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்தி இளைப்பாறுவது போன்ற தோற்றம்.

ஜன்னலில் ஓயாமல் எழுதிய அந்தக் கை, அங்கேதான் ஓய்வு எடுத்துக் கொள்கிறது.