'ஃப்ளாஷ் கார்டன்': இதில் போய் லாஜிக் தேடலாமா?

பூமியோடு விளையாட வேற்றுக்கிரகப் பேரரசன் மிங் ஒரு கருவி வைத்திருக்கிறான். அதிலுள்ள பொத்தான்களில் ஆங்கிலத்திலேயே 'நிலநடுக்கம்' என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் 'சூடான ஆலங்கட்டி மழை'! இதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்றால், 1980-ல் வெளியான 'ஃப்ளாஷ் கார்டன்' உங்களுக்கான படம். 'அங்கே எப்படி ஆங்கிலம்?' என்று கேட்டால், பாவம், இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கியிருக்கிறது.

அலெக்ஸ் ரேமண்ட் 1934-ல் தொடங்கிய செய்தித்தாள் காமிக்ஸ்தான் மூலம். இதைப் படமாக்கத்தான் ஜார்ஜ் லூகாஸ் முதலில் ஆசைப்பட்டார். உரிமை கிடைக்காததால் 'ஸ்டார் வார்ஸ்' எடுத்தார். அதன் இரண்டாம் பாகமும் 1980-லேயே வந்ததால், ஒப்பிடாமல் இருக்க யாராலும் முடியவில்லை.

ஆனால், இயக்குநர் மைக் ஹாட்ஜஸ் போன பாதையே வேறு. திரைக்கதை லொரென்சோ செம்பிள். அறுபதுகளின் கலகல 'பேட்மேன்' டி.வி தொடருக்கு எழுதியவர். சிவப்பும் தங்கமுமாக ஜொலிக்கும் அரண்மனை, வண்ணச்சாயம் கரைத்ததுபோல் வானம் என ஒவ்வொரு ஃப்ரேமும் காமிக்ஸ் பக்கம். அமெரிக்கக் கால்பந்து வீரனான ஹீரோ, மிங்கின் தர்பாரில் காவலர்களைப் பந்தாட்டம் ஆடியே சாய்க்க, ஓரமாக நின்று ஹீரோயின் உற்சாகக் குரல் கொடுக்கிறார்!

மிங்காக நடித்த மேக்ஸ் வான் சிடோ, பெர்க்மன் படத்தில் மரணத்தோடு சதுரங்கம் ஆடியவர். இங்கே ஒரு இடத்தில்கூட 'இது சும்மா ஜோக்' என்று நம்மைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. கல்யாணக் காட்சியில், மனைவியை விண்வெளிக்குள் தூக்கி எறியமாட்டேன் என்று சத்தியம் கேட்கிறார்கள். அதுவும் அவனுக்குச் சலிக்கும்வரைக்கும்தான். அதையும் சீரியஸாகவே கேட்டுக்கொள்கிறார். சிரிப்பு வருவதே அதனால்தான். கூடவே 'குயின்' இசைக்குழுவின் அதிரடி வேறு.

ஜாலியான படம்தானே என்று எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. சாம் ஜோன்ஸின் ஹீரோ கட்டுமஸ்தாக நிற்கிறார், அவ்வளவே. பல வசனங்களுக்குக் குரலும் அவருடையதல்ல. காட்டுக்குள் கதை இழுக்கிறது. பெரிய நெருடல் மிங்தான். ஆசியர்களைக் கொடூரர்களாகக் காட்டிய அந்தக்கால வெறுப்பில் பிறந்த உருவம் அது. ஸ்வீடன் நடிகருக்கு அந்த வேஷம் போட்டதை மிகை நடிப்பு எதுவும் மறைக்கவில்லை. 2020-ல் பிரிட்டன் தணிக்கை அமைப்பும் இதற்காக எச்சரிக்கை வாசகம் சேர்த்தது.

அங்கே தரப்பட்ட சான்றிதழ் 12ஏ. பிள்ளைகளோடு உட்கார்ந்தால், மிங்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடைசியில் 'முற்றும்' வரும், பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும். இரண்டாம் பாகம் வரவே இல்லை.